கால் இல்லாத சிவப்பு மாடு

அந்த மாட்டுக்குக் கால் இல்லை என்பதுதான் முதலில் வந்த புகார். பால் ஊற்ற வந்தவர்கள் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தார்கள். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள். இரண்டடி பின்னால் போயும் பார்த்தார்கள்.

"மாடா, சோபாவா?" என்றார் ஒருவர்.

"மாடுதான். உக்காந்திருக்கு போல."

"உக்காந்திருந்தா கொம்பு எங்க?"

"கொம்பையும் சேத்து உக்கார வச்சிருக்காங்க."

நான் பால் சங்கத்தின் பரிசோதனை அறையில் வேலை பார்த்து வந்தேன். கேன் ஒவ்வொன்றிலும் கரண்டி விட்டுக் கலக்கி, கொஞ்சம் பால் எடுத்து, தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதும் வேலை. அறைக்கு ஒரே ஜன்னல். அது சாலையைப் பார்த்த அந்தப் புதுச் சுவருக்கு நேர் எதிரே இருந்ததால், படத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் என் காதில் விழாமல் போகாது. படம் வரைந்தவரின் வீட்டுப் பின்னறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மற்றவர்களுக்கு அவர் 'சாயம்'. சங்கத்துத் தொழுவத்தில் பால் கறக்கிறவர். மாட்டுக்கு அடையாளம் போடுகிற வண்ணக்கட்டிகளை எடுத்துத் தீவனச் சாக்கிலும் தொழுவத்துக் கதவிலும் மாடு வரைந்துகொண்டே இருப்பார். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது நிறம் ஒட்டியிருக்கும். புதுக் கட்டடம் முடிந்தபோது சங்கத் தலைவர், "நம்ம சாயம் இருக்கையில வெளி ஆளு எதுக்கு? ஒரு மாடு வரைம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் மனதில் இருந்தது காலண்டர் மாடு. நாலு காலும் தெரிய, மடி நிறைய, பக்கவாட்டில் நிற்கிற மாடு.

அக்கா வரைந்தது வேறு. இருபதடிச் சுவர் முழுக்க நீலம் பூசி, நடுவில் சிவப்பாக ஒரே ஒரு வளைவு. இடது மூலையில் எழும்பி வலது மூலையில் இறங்கும் முதுகு. தலை உள்ளுக்குள் மடங்கி வயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. மடி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். பச்சையில் ஒரு கண், அதுவும் மூடியிருந்தது. முதல் நாள் எனக்கும் அது மாடாகத் தெரியவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் நாள் ஜன்னலில் நின்று டீ குடிக்கும்போது, அது மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு அது மாடாக மட்டும்தான் தெரிந்தது.

"இப்படி ஏன்க்கா வரைஞ்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் சுவரைப் பார்க்காமல் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "தம்பி, நீங்க மாட்ட ரோட்டுல நின்னு பாக்குறீங்க. அதான் உங்களுக்கு நாலு காலு தெரியுது. நான் பதினெட்டு வருசமா நெத்திய அது விலாவுல முட்டுக்குடுத்துக் கறக்குறேன். அங்க காலும் இல்ல, கொம்பும் இல்ல. கண்ண மூடிக்குவேன். சூடு தெரியும். உள்ள என்னமோ உருண்டுகிட்டே இருக்கும். அந்தச் சூட்டுக்கு இந்தச் சிவப்பத் தவிர வேற எதப் பூசுறது?"

இதை நான் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. எங்கள் ஊர்க்காரர்கள் நிறத்தைப் படிக்கிற விதமே வேறு. தொழுவத்தில் மாட்டின் பின்னங்காலில் நாடா கட்டுவோம். நீல நாடா என்றால் சினை. மஞ்சள் என்றால் கறவை நின்றுவிட்டது. சிவப்பு என்றால் மருந்து ஓடுகிற மாடு, அதன் பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிட வேண்டும். ஆகவே இரண்டாம் வாரம் ஒருவர் படத்தை விரல் விட்டுப் படித்துக் காட்டினார்.

"உடம்பெல்லாம் சிவப்பு. மருந்து போட்டாச்சு. மடி மஞ்சள். பால் வத்திப்போச்சு. சுத்தி நீலம். சினையாவும் இருக்கு. இந்த மாட்ட வச்சுகிட்டு சங்கம் என்ன பண்ணப்போகுது?"

கேன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜன்னலுக்கு உள்ளே நானும் சிரித்தேன். அப்போது பின்னாலிருந்து யாரோ, "புருசன் பாக்காத சிவப்பப் பொண்டாட்டி ஊருக்கே காட்டுறா" என்றார். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

அக்காவின் கணவரும் அதே தொழுவத்தில்தான் கறந்தார். மிருதுவான கை. எந்த முரட்டு மாடும் அவர் தொட்டால் அசையாமல் நிற்கும். அதனால் அவருக்கு 'மெத்தை' என்று பேர். மூன்று மாதத்துக்கு முன்னால், பெருமழையில் கம்பம் சாய்ந்து தொழுவத்துக்கு மின்சாரம் இல்லாமல் போனது. லாந்தரை உள்ளே கொண்டுபோனால் நிழல் ஆடும், மாடுகள் மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். எனவே மூன்று நாள் விடியற்காலை வெளிச்சத்திலேயே கறந்தார்கள். மூன்றாம் நாள் லாரியில் ஏற்றுவதற்கு முன் நான் மருந்துச் சோதனை போட்டேன். குப்பியில் ஊதா நிறத் திரவம் இருக்கும். பால் சுத்தமாக இருந்தால் மஞ்சளாக மாறும். அன்றைக்கு மாறவில்லை. இரண்டாவது குப்பியும் ஊதாவாகவே நின்றது. ஊர்ப்பால் மொத்தத்தையும் வாய்க்காலில் கொட்டினோம். எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

செம்பழுப்பான கபில நிற மாடு ஒன்றுக்கு மடிநோய். முந்தின நாள் மாலை அதற்கு ஊசி போட்டுச் சிவப்பு நாடா கட்டியதாகக் கால்நடை மருத்துவரின் உதவியாளர் சொன்னார். அவரை எல்லோரும் 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசியும் மெத்தையும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அன்று காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தபோது மாட்டின் காலில் நாடா இருந்தது. அதைக் கறந்தவர் மெத்தை.

பகல் பதினொரு மணிக்கு விசாரணை. தலைவர் அந்த நாடாவை மேசைமேல் போட்டிருந்தார். ஜன்னல் வெயிலில் அது எரிந்தது.

"இது உன் கண்ணுக்குத் தெரியலையாப்பா?"

"கட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். கட்டல."

"வெளிச்சம் பத்தலைனு சொல்லு. ஒத்துக்கிறோம்."

"வெளிச்சம் இருந்துச்சுங்க. காம்பு தெரிஞ்சுது. பக்கத்து மாட்டுக் கால்ல நீல நாடா நல்லாத் தெரிஞ்சுது. சினை மாடுனு பதமாத்தான் கறந்தேன். கபில மாட்டுக் கால்ல நாடா இல்ல."

அந்த நீல நாடாதான் அவரைக் கவிழ்த்தது. நீலம் தெரிந்தவருக்குச் சிவப்பு தெரியாமல் எப்படிப் போகும்? தலைவர் கேட்டார், கூடியிருந்தவர்கள் கேட்டார்கள், நானும் மனதுக்குள் கேட்டேன். "அப்ப இவன் அப்புறமா வந்து கட்டியிருக்கான்" என்று ஊசியைக் காட்டி மெத்தை சொல்லிவிட்டார். ஊசி எழுந்து நின்று, "இவன் குடிச்சிட்டு வந்து கறந்திருக்கான்" என்றார். இரண்டு பேரும் அதோடு பேச்சை முறித்துக்கொண்டார்கள். மெத்தையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கவனக்குறைவு என்றால்கூட மன்னித்திருப்போம், பொய் சொல்கிறாரே என்பதுதான் எல்லோருக்கும் ஆற்றாமை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தம் குறைந்துபோனது. மெத்தை விடியுமுன் வழக்கம்போல எழுந்து உட்கார்ந்துகொள்வார். போக இடம் இல்லை. அக்கா மட்டும் கிளம்பிப் போவார். பகலில் மெத்தை கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவார், உடையாத நாற்காலியைப் பிரித்து மறுபடி மாட்டுவார். தட்டில் போட்ட ரொட்டி அப்படியே காய்ந்து கிடக்கும். மெத்தையின் தமக்கை, வீட்டோடு இருந்த நாத்தனார், "ஆம்பள இடிஞ்சுபோனா வீடே இடிஞ்ச மாதிரி" என்று பாத்திரத்தோடு பேசிக்கொண்டே கழுவுவார். என் மேல் யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சிவப்பு மாட்டைப் பற்றிய பேச்சு முற்றியதும் தலைவரே வீட்டுக்கு வந்தார். தீவனக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன், ஆனால் நாலு பேர் பேச்சுக்கு நடுங்குகிறவர். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் குடிக்காமல் இருந்தார்.

"ஏம்மா, ஒண்ணும் பெருசா இல்ல. அந்தச் சிவப்ப மட்டும் கொஞ்சம் கபிலமா மாத்திடு. அப்படியே நாலு காலு போட்டுடு."

"முடியாதுண்ணே."

"காலு போட முடியாதா?"

"போட முடியும். போட்டா அது வேற மாடு."

"உன் வீட்டுக்காரர் விசயத்த மனசுல வச்சுகிட்டு எங்களக் குத்திக் காட்டுறனு பேசிக்கிறாங்கம்மா. சிவப்புனாலே மருந்துப்பால். ரோட்டுல போறவன் என்ன நினைப்பான்?"

"ரோட்டுல போறவனுக்கு நம்ம நாடாக் கணக்குத் தெரியுமாண்ணே? அவனுக்குச் சிவப்பு மாடு, அவ்வளவுதான். இங்க இருக்கிறவங்களுக்குத்தான் உறுத்துது."

தலைவர் டீயைக் கீழே வைத்தார். "சனிக்கிழமை வெள்ளையடிக்க ஆள் வரச்சொல்லியிருக்கேன். அதுக்குள்ள நீயே மாத்திட்டா உனக்கும் மரியாத, எனக்கும் மரியாத."

அவர் போனதும் மெத்தை வாய் திறந்தார். வாரத்துக்கு ஒருமுறை திறக்கிற வாய். "அழிச்சிரு."

"நீங்களுமா?"

"அதப் பாக்குறப்பெல்லாம் எல்லாருக்கும் என் ஞாபகம் வருது. இருக்கிற பேச்சு பத்தாதா? அழிச்சிரும்மா."

நாத்தனார் சமையலறையிலிருந்து, "அவன் ஒண்ணு கேட்டிருக்கானா இத்தன வருசத்துல?" என்றார்.

"அண்ணி, அவரு கேட்டா அடுப்புல கைய விடச் சொன்னாலும் விடுவேன். இது கேக்கக் கூடாது." அக்கா கணவரிடம் திரும்பினார். "உங்களக் குத்திக்காட்டவா நான் வரைஞ்சேன்?"

"எனக்கு என்ன தெரியும்? கோவம் இல்லாமயா இருக்கும்?"

"கோவம் இருக்கு. சங்கத்து மேல இருக்கு. இந்தத் தம்பி மேலயும் கொஞ்சம் இருக்கு. மாட்டு மேல எனக்கு என்ன கோவம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவழியாக யாரோ அதைச் சொன்னார்களே என்று நெஞ்சு லேசானது.

மறுநாள், வியாழக்கிழமை, அக்கா வேலைக்குப் போவதற்கு முன் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாற்றுவதற்கு அல்ல. முதுகில் ஓரிடத்தில் சிவப்பு மெலிசாக இருக்கிறதாம், இன்னொரு கை பூச வேண்டுமாம். சனிக்கிழமை வெள்ளையடிக்கப் போகிற சுவருக்கு வியாழக்கிழமை இன்னொரு கை பூசுகிறவரை என்னவென்று சொல்வது? அவர் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் ஓடிவந்து என் கதவைத் தட்டினார். மூச்சு வாங்கியது.

"தம்பி, எந்திரிங்க. யாரோ மாட்டு மேல தாரப் பூசிட்டாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன். தலைவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாதி வழியில் கிழக்கு வெளுத்தது. சங்கத்து முனையில் திரும்பினோம். சுவரில் மாடு இருந்தது. சிவப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.

அக்கா கிட்டே போய் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"கறுப்பா இருந்துச்சு தம்பி. சத்தியமா. நீலம் இருந்துச்சு, பாலாட்டம் வெளுப்பா. நடுவுல மாடு இருந்த எடம் ஓட்டையாட்டம் இருந்துச்சு."

"தூக்கக் கலக்கமா இருக்கும்கா."

சொன்ன உடனே எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விசாரணையில் மெத்தையிடமும் இதேபோல ஒன்றைத்தான் நாங்கள் சொன்னோம். அக்கா டப்பாவை மூடினார்.

"சிவப்பு நாடாவும் நீல நாடாவும் இருந்தா நாளைக்குக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை விடியுமுன் அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலில் சோதனை நடந்தது. அந்த வீட்டு மாடும் கபில நிறம்தான். அக்கா வெளியே திரும்பி நிற்க, நான் உள்ளே போய் இரண்டு பின்னங்காலிலும் நாடா கட்டினேன். அவர் வந்து, கறக்கிற தூரத்தில் குந்தினார்.

"வலது கால்ல நீலம். இடது கால்ல ஒண்ணும் இல்ல."

நானும் அவர் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். நாடாவை என் கையால் கட்டிவிட்டு வந்தவன் நான். இடது காலில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கபிலமும் சிவப்பும் ஒரே இருட்டாகக் கிடந்தன. நீலம் மட்டும் தனியாக, சாம்பல் வெளுப்பாக நின்றது. மடி தெரிந்தது, காம்பு தெரிந்தது, சாணம்கூடத் தெரிந்தது. கை நீட்டித் தொட்டேன். நாடா அங்கேதான் இருந்தது. பால் சோதிக்கிறவன் என்று பேர் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக நிறத்தைப் பார்த்தே சோறு தின்றவன், இதை ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"சிவப்பு கடைசியா எந்திரிக்குது தம்பி" என்றார் அக்கா. "நீலம் முன்னாடியே முழிச்சுக்குது. நான் தினம் கண்ண மூடிக் கறந்தவ, எனக்கே இது தெரியல."

"மெத்தை அண்ணன்கிட்டச் சொல்லலாமா?"

"சொன்னா நம்ப மாட்டாரு. ஆறுதலுக்குச் சொல்றேம்பாரு. காட்டணும்."

அன்று முழுக்க அவர் வீடு வீடாக நடந்தார். கறக்கிறவர்கள் எல்லோரையும் கூப்பிட்டார். ஊசியின் வீட்டு வாசலில் நின்று, "அண்ணே, உங்க மேல விழுந்த பழிக்காகவாவது வாங்க" என்றார். தலைவரிடம் போய், "சுவர அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டு அழிங்க. நான் கறக்குற நேரத்துல வந்து பாக்கணும்" என்றார். "படத்த எந்த நேரத்துல பாத்தா என்னம்மா?" என்று தலைவர் முனகினார். அழிக்கச் சம்மதித்துவிட்டாள், கடைசியாக ஒருமுறை பார்க்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார்.

மெத்தையைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"நான் வரல. அவன் வருவான்."

"அவரும் வரணும், நீங்களும் வரணும்."

"எல்லார் முன்னாடியும் மறுபடியும் என்னை நிக்க வைக்கப் போறியா?"

"ஆமா. மூணு மாசம் முன்னாடி நிக்க வச்சாங்கள்ல, அப்ப நான் வாயத் திறக்கல. பதினோரு மணி வெயில்ல நாடாவத் தூக்கிக் காட்டினாங்க, நானும் பாத்துகிட்டு இருந்தேன். இந்தத் தடவ நான் நிக்க வைக்கிறேன். செருப்பப் போடுங்க."

நாத்தனார் வந்து மெத்தையின் தோளில் துண்டைப் போட்டார். "போயிட்டு வாடா. இவ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல."

சனிக்கிழமை விடியற்காலை குளிர் காதைக் கிள்ளியது. சுவருக்கு எதிரே பதினைந்து பேர் நின்றோம். விளக்குகளை அக்கா முன்கூட்டியே அணைக்கச் சொல்லியிருந்தார். தொழுவத்தில் மாடுகள் கறவை நேரம் தெரிந்து கத்தத் தொடங்கியிருந்தன. ஆட்களின் முகம் தெரிந்தது, கேனின் வாய் தெரிந்தது, தலைவர் கழுத்தில் சுற்றிய துண்டின் கட்டம்கூடத் தெரிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு ஊசி ஒரு கோடியில் நின்றார். மெத்தை மறு கோடியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளிச்சம் பத்துமாண்ணே?" என்று அக்கா தலைவரைக் கேட்டார்.

"பத்தும். எல்லாம் தெரியுது."

"அப்ப சுவரப் பாருங்க."

தலைவர் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னும் கிட்டே போனார்.

"மாடு எங்கம்மா?"

சுவரில் நீலம் மட்டும் வெளுப்பாகப் பரந்து கிடந்தது. நடுவில் கறுப்பாக ஒரு பள்ளம்.

"அழிச்சிட்டியா?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. இப்பத்தான் நாங்க கறப்போம். இந்த வெளிச்சத்துலதான் அவரும் அன்னைக்குக் கறந்தாரு." அக்காவின் குரல் ஆடவில்லை. "நீல நாடா தெரிஞ்சுது, சிவப்பு இல்லனு சொன்னாரு. பொய்யினு சொன்னோம். இப்பச் சொல்லுங்க, நீலம் தெரியுதா?"

"தெரியுது."

"சிவப்பு?"

பால் ஊற்றுகிறவர்களில் ஒருவர் முன்னே போய்ச் சுவரைத் தடவினார். ஈரம் இல்லை, தார் இல்லை என்று கையைத் திருப்பிக் காட்டினார்.

மெத்தை எப்போது நிமிர்ந்தார் என்று நான் பார்க்கவில்லை. நான் திரும்பியபோது அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாடா இருந்துச்சா?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"இருந்துச்சுடா" என்றார் ஊசி. "என் கையால ரெண்டு சுத்து சுத்திக் கட்டினேன்."

"நான் பாக்கல."

"தெரியுது. இப்பத் தெரியுது."

"நான் பொய் சொல்றேன்னு நானே நினைக்க ஆரம்பிச்சிட்டேன்" என்றார் மெத்தை. அதைச் சொல்லும்போது அவர் அழுதார். மறைக்கவும் இல்லை. "மூணு மாசமா உக்காந்து யோசிக்கிறேன். பாத்திருப்பேனோ, பாத்துட்டே கறந்திருப்பேனோனு. எனக்கே என்னை நம்ப முடியல."

ஊசி அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். பக்கத்தில் வந்து நின்றவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மெத்தையின் தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்து மறுபடியும் போட்டுவிட்டார். நான் போய், "அண்ணே, நானும் ஒரு சோதனை போட்டுப் பாத்திருக்கணும்" என்றேன்.

கிழக்கு மெல்ல வெளுத்தது. யாரும் நகரவில்லை. முதலில் பச்சைக் கண் தெரிந்தது. பிறகு மடியின் மஞ்சள். எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சிவப்பு, அடியிலிருந்து ஊறுவதுபோல முதுகு நெடுக வந்தது. வெள்ளையடிக்கிறவர் வாளியும் மட்டையுமாகச் சைக்கிளில் வந்து இறங்கி, இத்தனை பேர் எதற்காக நிற்கிறார்கள் என்று புரியாமல் விழித்தார்.

"நீ போப்பா" என்றார் தலைவர். "இன்னைக்கு வேலை இல்ல." பிறகு அக்காவிடம், "நாடாவ நாளையிலேர்ந்து வெள்ளையா மாத்திடலாம்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "காலு மட்டும் ஒண்ணே ஒண்ணு..." என்று இழுத்தார்.

"முடியாதுண்ணே."

"சரி சரி."

மாடுகள் இப்போது விடாமல் கத்தின. மடி கனத்து வலிக்கிற கத்தல் அது. தலைவர் மெத்தையின் பக்கம் பார்க்காமலே, "கறக்க ஆள் பத்தல, நேரமாச்சு" என்றார். மெத்தை தொழுவத்துக்குள் போனார். வாளியை எடுத்தவர் வாசலில் நின்று ஊசியைக் கேட்டார்.

"இன்னைக்கு எந்த மாட்டுக்கு மருந்து போட்டிருக்க?"

"நாலாவது மாடு. இடது பின்னங்காலு. கட்டியிருக்கேன்."

மெத்தை தலையாட்டினார். ஆனாலும் அவர் முதல் மாட்டிலிருந்தே தொடங்கினார். ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்து, இரண்டு காலையும் குளம்புவரை கையால் தடவிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனார். நாலாவது மாட்டின் இடது காலில் கை நின்றது. நாடாவின் முடிச்சைக் கட்டைவிரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்துக்கொண்டார். தொழுவத்தில் அன்றைக்கு முப்பத்திரண்டு மாடுகள். அவர் அத்தனையையும் தொட்டு முடிக்கும்வரை, கறக்க வந்தவர்கள் எல்லோரும் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.